ஆறாத சர்க்கரைப் புண்ணின் ஓரத்தில் என்ன நடக்கிறது? மரபணு வெளிப்பாட்டு ஆய்வு: ஓர் அறிமுகம்

சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வந்த புண் இரண்டு மூன்று மாதமாக அப்படியே இருந்தால், "மெதுவாத்தான் ஆறும், சர்க்கரை இருக்குல்ல" என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலான நேரம் இது சரியான விவரிப்பு அல்ல. அந்தப் புண் ஆறும் வேலையைத் தொடங்கி, பாதியில் நின்றுபோயிருக்கிறது. ஓரத்தில் உள்ள தோல் செல்கள் சாகவில்லை. பெருகவும் செய்கின்றன. ஆனால் புண்ணை மூடுவதற்கு நடுவை நோக்கி நகர மறுக்கின்றன. ஏன் மறுக்கின்றன என்பதை, அந்தச் செல்லுக்குள் எந்த மரபணு வேலை செய்துகொண்டிருக்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று அளந்து பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் மரபணு வெளிப்பாட்டு ஆய்வு.

இது சின்னப் பிரச்சினை இல்லை. சர்க்கரை நோயாளிகளில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பாதத்தில் புண் வரக்கூடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆறிய புண்களிலும் ஏறத்தாழ 40 சதவீதம் ஒரே வருடத்துக்குள் திரும்பி வருகின்றன. கால் அல்லது விரல் நீக்கத்தில் போய் முடியும் கதைகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு புண்ணில்தான் தொடங்குகின்றன.

மரபணு வெளிப்பாடு என்றால்

நம் உடலில் உட்கரு உள்ள எந்தச் செல்லை எடுத்தாலும் ஏறக்குறைய அதே டி.என்.ஏ தான் இருக்கும். புரதம் செய்வதற்கான மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. இன்சுலின் செய்யும் மரபணு கணையத்தில் மட்டும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளங்கால் தோல் செல்லிலும் அது இருக்கிறது. ஆனால் தோல் செல் அதைத் திறப்பதே இல்லை. அது கெரட்டின் மரபணுக்களைத் திறந்து வைத்துக்கொண்டு, தோலுக்கு உறுதி தரும் புரதத்தைச் செய்கிறது. ஒரு மரபணு திறந்திருந்தால் அதிலிருந்து ஆர்.என்.ஏ நகல்கள் உருவாகும். அந்த நகலைப் படித்துச் செல் புரதத்தைக் கட்டும். ஒரு துண்டுத் திசுவில் எந்த மரபணுவின் ஆர்.என்.ஏ எத்தனை நகல் இருக்கிறது என்று எண்ணினால், அந்த நேரத்தில் அந்தச் செல்கள் என்ன செய்ய முனைகின்றன என்று தெரிந்துவிடும்.

இதை மரபணுப் பரிசோதனையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பரம்பரை நோய்க்காக எடுக்கும் பரிசோதனை டி.என்.ஏ எழுத்துகளைப் பார்க்கிறது. அது பிறந்ததிலிருந்து பெரும்பாலும் மாறாது. வெளிப்பாடு நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் புண்ணைச் சுத்தம் செய்தால், மாலைக்குள் அந்த ஓரத்தின் வெளிப்பாடு வேறாகிவிடும்.

ஓரத்துச் செல்கள்

சர்க்கரை இல்லாத ஒருவருக்குக் காலில் வெட்டுப்பட்டால் முதலில் ரத்தம் உறையும். சில மணி நேரத்தில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து கிருமியைத் தாக்கும். ஓரிரு நாளில் மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் வந்து செத்ததையும் கிருமியையும் விழுங்கும். பிறகு அதே மேக்ரோபேஜ்கள் தங்கள் மரபணுத் திட்டத்தை மாற்றிக்கொண்டு கட்டுமானப் பணிக்குத் திரும்பும். ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்ற நார் செய்யும் செல்கள் கொலாஜன் புரதத்தைப் போடும், புது ரத்தக் குழாய்கள் முளைக்கும். இதற்கிடையே ஓரத்தில் இருக்கும் தோல் செல்களான கெரட்டினோசைட்டுகள், கெரட்டின்-6, 16, 17 மரபணுக்களைத் திறந்து, பக்கத்துச் செல்லோடு உள்ள பிடிப்பைத் தளர்த்தி, நாக்குபோல நீண்டு புண்ணின் மேல் ஊர்ந்து வரும்.

ஆறாத சர்க்கரைப் புண்ணின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள்: தடித்து, காய்ப்பு ஏறி, சுவர்போல நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கே செல்கள் அடுக்கடுக்காகப் பெருகியிருக்கும். நாக்குபோன்ற முன்னேற்றம் இருக்காது. மயாமி பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மார்யானா டோமிக்-கானிக்கும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2005-இல் நாட்பட்ட புண்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இந்தத் துறைக்கு ஒரு திருப்பம். ஆறாத ஓரத்துச் செல்களில் பீட்டா-கேட்டனின் என்ற புரதம் உட்கருவுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. சி-மிக் என்ற மரபணு அளவுக்கு மீறித் திறந்திருந்தது. சி-மிக் "பெருகு" என்று உத்தரவிடும் மரபணு. அது ஓயாமல் திறந்தே இருந்தால் செல் பெருகிக்கொண்டே இருக்கும், ஊர்வதற்கான திட்டத்துக்குள் போகாது. தோல் செல்களே உண்டாக்கும் கார்டிசால் ஹார்மோனும் இதற்குத் துணைபோகிறது. அது, செல்லுக்குள் தன்னைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து கெரட்டின்-6, 16 போன்ற மரபணுக்களை அடக்கிவிடுகிறது.

இதே குழுவினர் 2007-இல் இன்னொன்றையும் காட்டினார்கள். ஒரே நோயாளியின் ஒரே புண்ணில், ஓரத்திலிருந்து எடுத்த செல்களும், சற்றுத் தள்ளியிருக்கும் தோலிலிருந்து எடுத்த செல்களும் ஒன்றுபோல நடந்துகொள்ளவில்லை. ஓரத்துச் செல்கள் மெதுவாக நகர்ந்தன. செல்லை வளரத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்தாலும் சரியாகப் பதில் சொல்லவில்லை. தள்ளியிருந்த செல்கள் நன்றாக நகர்ந்தன. அறுவை நிபுணர் டிப்ரைட்மென்ட் (கெட்ட திசுவை வெட்டி நீக்குவது) செய்யும்போது எங்கே வரை வெட்ட வேண்டும் என்ற கேள்விக்கு இது நேரான பதில்: கண்ணுக்கு அழுகலாகத் தெரிவதை மட்டும் எடுத்தால் போதாது, தவறான மரபணுத் திட்டத்தில் சிக்கிக்கொண்ட ஓரமும் போக வேண்டும். காய்ப்பை மேலாகச் சீவிவிட்டு மருந்து தடவுவது ஏன் பலிப்பதில்லை என்பதும் இங்கேதான் புரிகிறது.

திசு எடுப்பது: பெரும்பாலான பிழைகள் நடக்கும் இடம்

ஆய்வகத்தில் எத்தனை கோடி ரூபாய் இயந்திரம் இருந்தாலும், முடிவைத் தீர்மானிப்பது திசு எங்கே, எப்படி எடுக்கப்பட்டது என்பதுதான். இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் கணினிப் பகுப்பாய்வைக் கற்பதில் காட்டும் அக்கறையில் பாதியை இங்கே காட்டினாலே போதும் என்பது எங்கள் கருத்து.

முதலில் காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் அளவு சர்க்கரை நோயாளிகளில் ஏமாற்றும். ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அழுத்தம் பொய்யாக உயர்ந்து தெரியும். அதனால் கால் பெருவிரலின் அழுத்தத்தையும் அளப்பது நல்லது. அது 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருந்தால் ஆய்வுக்காகத் துளை போடுவதைவிட, ரத்த ஓட்டத்தைச் சரிசெய்வதுதான் அவசரம்.

பிறகு புண்ணை உப்புநீரால் கழுவி, மேலிருக்கும் மஞ்சள் அழுகலை நீக்க வேண்டும். செத்த திசுவில் சிதைந்த ஆர்.என்.ஏவும் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏவும்தான் நிறைய இருக்கும். 3 அல்லது 4 மில்லிமீட்டர் பஞ்ச் பயாப்சி கருவியை (வட்டமாகத் துளைத்துத் திசுத் துண்டு எடுப்பது) ஓரத்தின் மேல் நேராக வைத்து, பாதி ஓரத் தோலும் பாதி புண் தரையும் வரும்படி எடுப்பது வழக்கம். எந்தப் பக்கம் எடுத்தது, எவ்வளவு ஆழம், காய்ப்பு சேர்ந்து வந்ததா என்பதை அப்போதே எழுதிவைக்க வேண்டும். ஒரு நோயாளியில் ஓரத்தையும் இன்னொருவரில் நடுத் தரையையும் எடுத்துவிட்டால், பிறகு கணினி காட்டும் வேறுபாடு "தோல் செல்லுக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கும் உள்ள வேறுபாடு" மட்டுமே. சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த எதிரி நேரம். ஆர்.என்.ஏவைச் சிதைக்கும் நொதிகள் எங்கும் இருக்கின்றன. தோலில் இன்னும் அதிகம். நம் தோல் கிருமிகளை எதிர்க்க ஆர்.என்.ஏஸ்-7 என்ற அப்படிப்பட்ட நொதியைத் தானே சுரக்கிறது. ஆகவே துண்டை எடுத்த உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும், அல்லது ஆர்.என்.ஏலேட்டர் போன்ற பாதுகாப்புத் திரவத்தில், துண்டின் கன அளவைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு திரவத்தில் மூழ்கவைக்க வேண்டும். துண்டின் ஒரு பக்கமாவது அரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால்தான் திரவம் உள்ளே இறங்கும். ஓர் இரவு 4 டிகிரியில் வைத்துவிட்டு, மைனஸ் 80-க்கு மாற்றலாம். அடுத்த நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து திரவத்தில் போடலாம் என்று தட்டில் வைத்துவிட்டுப் போனால், அந்தத் துண்டை நம்ப முடியாது.

பாதத் தோல் நார் நிறைந்தது, எளிதில் அரைபடாது. உலோக அல்லது செராமிக் மணிகளோடு அதிவேகமாகக் குலுக்கி உடைப்பார்கள். அரைபடும்போது சூடேறாமல் இடையிடையே பனிக்கட்டியில் வைப்பார்கள். ஆர்.என்.ஏவைப் பிரித்த பின் டி.என்.ஏ ஒட்டியிருந்தால் நொதி போட்டு நீக்குவார்கள். தரத்துக்கு இரண்டு எண்கள்: 260, 280 நானோமீட்டர் அலைநீளங்களில் உள்ள ஒளி உறிஞ்சலின் விகிதம் 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும், ஆர்.என்.ஏ முழுமையைக் காட்டும் 10-க்கான மதிப்பெண் 7 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. நாட்பட்ட புண்களில் இந்த 7 எளிதாகக் கிடைக்காது. ஆனால் நல்ல மதிப்பெண் கிடைத்த புண்களை மட்டும் சேர்த்துக்கொண்டால், மோசமான புண்கள் ஆய்விலிருந்தே விழுந்துவிடும்.

எதோடு ஒப்பிடுவது என்பதும் இதே அளவு முக்கியம். கெரட்டின்-9 மரபணு உள்ளங்கை, உள்ளங்கால் தோலில்தான் தூக்கலாக வெளிப்படும். பாதப் புண்ணை ஒருவரின் தொடைத் தோலோடு ஒப்பிட்டால், கெரட்டின்-9 பட்டியலின் உச்சியில் வந்து நிற்கும். புண்ணைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சர்க்கரை இல்லாதவரின் பாதத் தோல், சர்க்கரை உள்ளவரின் புண்ணில்லாத பாதத் தோல், ஆறப்போகும் புண், ஆறாத புண் என்று நான்கு வகையும் இருந்தால்தான் எது சர்க்கரையின் விளைவு, எது புண்ணின் விளைவு என்று பிரிக்க முடியும். ஆறுமா ஆறாதா என்பது திசு எடுக்கும் அன்று தெரியாது. அதனால் எல்லோரிடமும் முதல் நாளே எடுத்து வைத்து, 12 வாரம் பின்தொடர்ந்து, பிறகு இரு குழுவாகப் பிரிப்பார்கள்.

எண்ணுவது

ஓரிரு மரபணுக்களை மட்டும் பார்க்க நிகழ்நேர பி.சி.ஆர் போதும். கொரோனா காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட அதே 'சி.டி மதிப்பு'தான் இங்கேயும்: நகல்கள் பெருகிக் கருவிக்குத் தெரியும் அளவை எட்ட எத்தனை சுற்று ஆனது என்ற எண். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆறாத ஓரத்தில் சி-மிக்கின் மதிப்பு 24, ஒப்பீட்டு மரபணுவின் மதிப்பு 18, வித்தியாசம் 6. நல்ல தோலில் சி-மிக் 27, ஒப்பீட்டு மரபணு 18, வித்தியாசம் 9. இரண்டு வித்தியாசங்களுக்கும் நடுவே 3 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிப்பதால் 2×2×2, அதாவது ஆறாத ஓரத்தில் சி-மிக் 8 மடங்கு. மதிப்பு குறைந்தால் நகல் அதிகம் என்பதை ஆரம்பத்தில் பலர் தலைகீழாக எடுத்துக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கின் உயிர் ஒப்பீட்டு மரபணுவில் இருக்கிறது. அது எல்லா மாதிரியிலும் மாறாமல் இருக்க வேண்டும். பழக்கத்தால் பலர் ஜி.ஏ.பி.டி.எச் மரபணுவை எடுக்கிறார்கள். அது குளுக்கோஸைச் சிதைக்கும் பாதையில் உள்ள நொதி. ஆக்சிஜன் குறைந்தால் கூடும். சர்க்கரையும் ஆக்சிஜன் குறைவும் உள்ள புண்ணில் அதை அளவுகோலாக வைப்பது சரியல்ல. இரண்டு மூன்று மரபணுக்களைச் சோதித்து, நிலையாக இருப்பவற்றின் சராசரியை வைப்பதே முறை.

20,000 மரபணுக்களையும் ஒரே நேரத்தில் எண்ண ஆர்.என்.ஏ வரிசைமுறைப்படுத்தல் இருக்கிறது. ஒரு மாதிரிக்கு 2 முதல் 3 கோடி துண்டுகள் படிப்பது வழக்கம். இங்கே புள்ளியியல் பொறி ஒன்று உண்டு: 5 சதவீதப் பிழையை ஏற்றுக்கொண்டு 20,000 மரபணுக்களைச் சோதித்தால், எந்த உண்மையான வேறுபாடும் இல்லாவிட்டாலும் ஆயிரம் மரபணுக்கள் "மாறியதாக" வரும். இத்தனை சோதனைகளையும் கணக்கில் எடுத்துத் திருத்தப்பட்ட மதிப்பைக் கேட்காமல் எந்தப் பட்டியலையும் நம்ப வேண்டாம்.

முழுத் துண்டையும் அரைத்தால் எல்லாச் செல்லும் கலந்த சராசரிதான் கிடைக்கும். தனிச்செல் முறையில் ஒவ்வொரு செல்லையும் பிரித்து எண்ணலாம். ஆனால் திசுவைப் பிரிக்க நொதியில் ஊறவைக்கும் நேரத்திலேயே செல்கள் பதறி ஃபாஸ், ஜூன் போன்ற மரபணுக்களைத் திறந்துவிடும். நியூட்ரோபில்கள் பாதியில் உடைந்து காணாமல் போகும். தனிச்செல் ஆய்வில் நியூட்ரோபில் குறைவு என்று வந்தால், அந்தக் குறைவு புண்ணிலா, ஆய்வகக் குழாயிலா என்று கேட்க வேண்டும்.

அழற்சி கூடுதலா, குறைவா?

நாட்பட்ட புண் என்றால் அழற்சி (காயத்துக்கு எதிராக உடலின் பாதுகாப்புச் செல்கள் திரள்வது) அதிகம், அதை அடக்க வேண்டும் என்பதுதான் பாடப்புத்தகக் கருத்து. வெளிப்பாட்டு ஆய்வுகள் இதைச் சிக்கலாக்கிவிட்டன.

2020-இல் மயாமி குழுவும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து, சர்க்கரைப் பாதப் புண்ணையும், சாதாரணத் தோல் காயத்தையும், வாயின் உட்சவ்வுக் காயத்தையும் ஒப்பிட்டார்கள். வாய்க்காயம் வேகமாக, தழும்பில்லாமல் ஆறும் என்பது தெரிந்ததே. அதை ஒப்பீட்டுக்கு எடுத்தது நல்ல யோசனை. சாதாரணக் காயங்களில் ஃபாக்ஸ்-எம்1 என்ற ஒழுங்குபடுத்தும் மரபணுவின் வலைப்பின்னல் சுறுசுறுப்பாக இருந்தது. அது நியூட்ரோபில், மேக்ரோபேஜ்களை வரவழைப்பதோடு தொடர்புடையது. சர்க்கரைப் புண்ணில் அது அடங்கிக் கிடந்தது. சர்க்கரை உள்ள எலிகளில் ஃபாக்ஸ்-எம்1-ஐத் தடுத்தபோது புண் ஆறுவது தாமதமானது, செல்களின் வருகையும் குறைந்தது.

2022-இல் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவ மையத்தின் அரிஸ்டிடிஸ் வேவெஸ் குழுவினர் பாதத் தோல், முன்கைத் தோல், ரத்தம் ஆகியவற்றிலிருந்து 1,74,962 தனிச்செல்களை ஆராய்ந்தார்கள். பின்னால் ஆறிய புண்களில், திசுவைக் கரைத்துச் சீரமைக்கும் எம்.எம்.பி-1, எம்.எம்.பி-3 போன்ற மரபணுக்களையும் ஆக்சிஜன் குறைவை உணரும் ஹிஃப்-1 ஆல்ஃபாவையும் தூக்கலாக வெளிப்படுத்தும் ஒரு தனி வகை ஃபைப்ரோபிளாஸ்ட் நிறைய இருந்தது. போர்க்குணம் கொண்ட எம்1 வகை மேக்ரோபேஜ்களும் ஆறிய புண்களில்தான் கூடுதல்.

ஆக, ஆறாத புண்ணின் பிரச்சினை அழற்சியின் மொத்த அளவு அல்ல. முழு வீச்சில் வந்து வேலையை முடித்துவிட்டு அடங்கும் அழற்சி அங்கே வருவதில்லை. மந்தமாகப் புகைந்துகொண்டே இருக்கும் ஒன்றுதான் இருக்கிறது. டிப்ரைட்மென்ட் ஏன் உதவுகிறது என்பதற்கும் இது பொருந்திவருகிறது: தவறான ஓரத்தை நீக்குவதோடு, புண்ணைப் புதுக் காயமாக மாற்றி அழற்சியை மறுபடி ஒழுங்காகத் தொடங்கவைக்கிறது. ஆனால் இதையும் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. மேக்ரோபேஜ்களை எம்1-லிருந்து கட்டுமான வகையான எம்2 பக்கம் திருப்புவதற்காக உருவாக்கப்பட்ட ஓ.என்-101 என்ற களிம்பு, 236 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் 16 வாரத்தில் 60.7 சதவீதப் புண்களை முழுமையாக ஆற்றியது. ஒப்பீட்டுக் குழுவில் 35.1 சதவீதம். அது 2021-இல் தைவானில் அனுமதி பெற்றது. எம்1 நல்லது, எம்2 கெட்டது என்று எழுதினாலும் தவறு, மாற்றி எழுதினாலும் தவறு; எந்த நாளில் எது என்பதே கேள்வி.

கிருமியும் மரபணுக்களைத் திருப்புகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் குடியேறிய புண்களில் மிர்-15பி என்ற குட்டி ஆர்.என்.ஏ கூடி, டி.என்.ஏ பழுதுபார்ப்பு மரபணுக்களை அடக்குவதாக 2018-இல் காட்டப்பட்டது.

மருந்தாக மாறியவை, மாறாதவை

இந்த அறிவு நேராக மருந்தாகிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்ததற்குக் காரணம் உண்டு. பெக்காப்ளெர்மின் என்ற வளர்ச்சிக் காரணிக் களிம்புக்கு அமெரிக்கா 1997-இல் அனுமதி கொடுத்தது. ஒரு கிராமுக்கு 100 மைக்ரோகிராம் அளவில் 50 சதவீதப் புண்கள் ஆறின. வெறும் களிம்பில் 35 சதவீதம். பலன் இருக்கிறது, ஆனால் பாதிப் பேருக்கு இல்லை. ஓரத்துச் செல் அந்தக் காரணிக்குப் பதில் சொல்லும் நிலையில் இல்லாவிட்டாலோ, புண் நீரில் உள்ள எம்.எம்.பி-9 போன்ற நொதிகள் காரணியையே தின்றுவிட்டாலோ, மேலே எவ்வளவு தடவினாலும் உள்ளே போய்ச் சேராது. எம்.எம்.பிக்களில் இன்னொரு நுணுக்கம்: அவை செயலற்ற வடிவில் சுரந்து, பிறகு விழிப்பவை, டிம்ப் என்ற தடுப்பான்களும் கூடவே இருக்கின்றன. ஆர்.என்.ஏ கூடினால் நொதியின் வேலையும் கூடியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, தனியாக அளக்க வேண்டும்.

எலியில் பலித்தவை மனிதரில் பலிக்காததற்கு இன்னொரு காரணம். எலியின் தோலுக்கடியில் உள்ள மெல்லிய தசை காயத்தைச் சுருக்கி மூடிவிடும். மனிதரின் உள்ளங்காலில் அந்த வசதி இல்லை. செல் ஊர்ந்துதான் மூட வேண்டும். எலியின் காயத்தைச் சுற்றி சிலிகோன் வளையம் தைத்துச் சுருங்காமல் செய்த ஆய்வுகளுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பாரத்தை இறக்குவது இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய பால் பிராண்ட், மரத்துப்போன பாதத்தில் புண் வருவதற்கும் ஆறாததற்கும் காரணம், வலி தெரியாததால் ஓயாமல் விழும் அழுத்தம் என்று காட்டினார். பின்னர் அமெரிக்காவின் கார்வில்லில் அதே அறிவு சர்க்கரைப் பாதத்துக்கும் போய்ச் சேர்ந்தது. முழங்காலுக்குக் கீழே பாதம் முழுதும் ஒட்டி வரும் மாவுக்கட்டோ, கழற்ற முடியாத காலணியோ இல்லாமல், நோயாளி அந்தப் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருந்தால், எந்த மரபணுவைத் திருத்தினாலும் ஒவ்வொரு அடியிலும் அது மறுபடி கெடும்.

அமெரிக்காவில் 2018-இல் தொடங்கிய சர்க்கரைப் பாத ஆய்வுக் கூட்டமைப்பு, டிப்ரைட்மென்டில் வெட்டி எறியும் ஓரத் திசுவிலேயே சி-மிக்கையும் கார்டிசால் ஏற்பியையும் அளந்து, யாருக்குப் புண் ஆறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று சோதிக்கிறது. தனியாகத் துளை போட வேண்டியதில்லை என்பதால் நோயாளிக்குக் கூடுதல் காயம் இல்லை.

இன்றைக்கு எந்த மருத்துவமனையிலும் செய்யக்கூடிய முன்கணிப்பு ஒன்று உண்டு. 203 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2003-இல் வந்த ஆய்வில், முதல் 4 வாரத்தில் பரப்பு 53 சதவீதத்துக்கு மேல் குறைந்த புண்களில் 58 சதவீதம் 12 வாரத்தில் ஆறின. அந்த அளவு குறையாதவற்றில் 9 சதவீதம் மட்டுமே. டிப்ரைட்மென்ட் முடிந்த கையோடு புண்ணின் நீளத்தையும் அதற்குக் குறுக்கான அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். முதல் நாள் 4-க்கு 3 என்றால் 12. நான்காம் வாரம் அது ஏறத்தாழ பாதியாக, 6-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டிப்ரைட்மென்டுக்குப் பின்பே அளக்க வேண்டும், ஏனென்றால் ஓரத்தை வெட்டியதும் புண் பெரிதாகத் தெரியும்; ஒருமுறை முன்பும் ஒருமுறை பின்பும் அளந்தால் கணக்கு தவறும். 6-க்கு வரவில்லை என்றால் களிம்பை மாற்றுவதற்கு முன் ரத்த ஓட்டத்தையும், எலும்பில் கிருமி இறங்கியிருக்கிறதா என்பதையும், நோயாளி வீட்டுக்குள் வெறும் காலோடு நடக்கிறாரா என்பதையும் மறுபடி பாருங்கள்.